சார்பு விடுதல்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மெய்ப்பாடு எட்டென வகுத்து, அவற்றுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அவ்வச்சம் பிறத்தற்குரிய நிலைக்களன் நான்கெனவும் உடன் கூறினார். வருத்துந் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், அரசன் என்பன அவை. அச்சமென்பது புறத்தேயுள்ள யாதானும் ஒன்றைப் பற்றி உள்ளத்தில் எழுவது என்பது இதனாற் பெறப்படும். நடுங்கி நிற்பான் ஒருவனை நோக்கி, 'எதற்கு அஞ்சுகின்றாய்?' என்று நாம் வினவுவதும் அக்கருத்துப் பற்றியேயாம்.

இவ்வினாவுக்கு விடைகூற இயலாத அச்சம் ஒன்று இக்காலத்து மக்கட்கு உளதாயிற்று. பதற்றம் தணிதற்பொருட்டு மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையைப் பல திங்களாகவோ பல யாண்டாகவோ உண்டு வந்த ஒருவர், அதனை நிறுத்தப் புகுங்கால், முன்னையினும் பன்மடங்கு மிக்க அச்சம் வந்து அவரைப் பற்றுகின்றது. விலங்கும் இல்லை, கள்வரும் இல்லை. தம் வீட்டில், தம் மக்கள் நடுவே இருந்துகொண்டே அவர் நடுங்குகின்றார். உறக்கம் ஒழிகின்றது, நெஞ்சு படபடக்கின்றது, உடல் வியர்க்கின்றது, விளக்கொளி கண்ணை உறுத்துகின்றது, கதவு சாத்தும் ஓசையும் பேரோசையாகின்றது, பழகிய இடமும் பழகாத இடம்போலத் தோன்றுகின்றது.

இந்நிலையிற் பட்டார் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் வினா மூன்று. இத்துன்பம் யான் செய்த குற்றத்தின் பயனோ? இவ்வச்சமே என் உண்மையியல்போ? மருந்தை ஒரே நாளில் எறிந்துவிடும் துணிவு எனக்கு இல்லாமை கோழைமையோ? இவை மருத்துவ நூலுக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. ஒழுக்கநூலும் மெய்ந்நூலும் விடைகூறக் கடமைப்பட்டன. ஆதலின் ஈண்டு அவற்றை முறையே ஆராய்வாம்.

முதற்கண் இம்மருந்துகளின் வரலாறு சிறிது அறியற்பாலது. இவை பென்சோடயசிபீன் என்னும் வகையின. லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் வேதியியலறிஞர், அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து நட்லி என்னும் ஊரில், ஹாஃப்மன் லா ரோச் நிறுவனத்து ஆய்வுச்சாலையில் இவ்வகையை முதலிற் கண்டார். அவற்றுள் லிப்ரியம் 1960-லும், வேலியம் எனப்படும் டயசிபாம் 1963-லும் விற்பனைக்கு வந்தன. இந்நாளிற் பலரும் அறிந்த லோரசிபாம், குளோனசிபாம், அல்பிரசோலாம் என்பன அவற்றின் வழித்தோன்றியன. அவற்றிற்கு முன் வழங்கிய பார்பிட்டுரேட்டு மருந்துகள், அளவு கடந்து உண்டாரை எளிதிற் கொல்லுந் தன்மையன. அவற்றை நோக்கப் புதியன தீங்கு குறைந்தனவாதலின் மருத்துவர் இவற்றை உவந்தேற்றனர். உறக்கமின்றி வருந்தியோரும், காரணமற்ற திகிலால் தாக்குண்டோரும் இவற்றால் நலமடைந்தமை பொய்யன்று.

ஆயினும், இவற்றை விடுங்கால் நேரும் துன்பமும் தொடக்கத்திலேயே அறியப்பட்டது. 1961-ல் லியோ ஹாலிஸ்டர் என்னும் மருத்துவரும் அவருடன் ஆய்ந்தோரும், லிப்ரியத்தை மிக்க அளவில் நெடுநாள் உட்கொண்ட நோயாளர் 11 பேர்க்கு அதனைத் திடீரென நிறுத்தி, மருந்தில்லாத மாத்திரையைத் தந்து நோக்கினர். 10 பேர்க்குப் புதிய துன்பங்கள் தோன்றின. இருவர்க்கு வலிப்புக் கண்டது. இஃதறிந்த பின்னரும், 1980-ல் பிரித்தானிய மருந்து மறுஆய்வுக் குழு ஒன்று, 1960 முதல் 1977 வரை அந்நாட்டில் இம்மருந்துகளைச் சார்ந்தோராயினார் 28 பேரே எனக் கணக்கிட்டது. எட்டாண்டு கழித்து, 1988-ல், இம்மருந்துகளை இரண்டு முதல் நான்கு வாரத்திற்கு மேல் கொடாதிருத்தல் நன்று என்று அந்நாட்டு மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவுறுத்தியது. அமெரிக்க உணவு மருந்து ஆணையம் இவ்வகை மருந்துகள் எல்லாவற்றிற்கும் சார்பு, விடுதுன்பம் என்பன பற்றிய கடும் எச்சரிக்கையை மருந்துக் குறிப்பிற் பொறிக்க வேண்டுமென ஆணையிட்டது 2020-ல். இவ்விடைக்காலத்தில், 'மருந்தை நிறுத்தியதால் இவ்வாறாயிற்று' என்று சொல்லியோர் பலர்க்குக் கிடைத்த விடை, 'அஃது உம் பழைய நோயே' என்பதாம். துன்பத்தொடு நம்பப்படாமையும் கூடியவிடத்து அத்துன்பம் இரட்டித்தல் சொல்லவேண்டா.

இனி, இச்சார்பு எவ்வாறு உண்டாகின்றதெனின், கூறுதும். மூளையின் நரம்பணுக்கள் தம்முள் செய்தி விடுத்தற்குக் கருவியாவன சில வேதிப்பொருள்கள். அவற்றுட் சில கிளர்த்துவன, சில அடக்குவன. அடக்குவனவற்றுள் தலையாயது காபா எனப்படும். மேற்கூறிய மருந்து காபாவின் தொழிலை மிகுவிக்கின்றது. அதனாற் பதற்றம் அடங்குகின்றது. நாள்தோறும் இவ்வாறு மிகுவிக்கப்படவே, மூளை தன் சமநிலையைக் காத்தற்பொருட்டுக் காபாவுக்கு இணங்குந் தன்மையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்கின்றது. பெருங்காற்றை எதிர்த்து நடப்பான் ஒருவன் முன்னோக்கிச் சாய்ந்தே நடக்கின்றான். அச்சாய்வு அவன் குற்றமன்று. அக்காற்றில் நிற்றற்கு அவனுடல் கண்ட வழி அது. காற்றுத் திடீரென ஓய்ந்துவிடின் அவன் முன்னே வீழ்வான். மருந்து திடீரென நீங்கியவிடத்து மூளைக்கு நேர்வதும் இத்தகையதே. அடக்குவது குன்றக் கிளர்ச்சி மேலோங்கி நிற்கின்றது. நரம்பு மீளவும் நிமிர்தற்கு வாரங்களும் திங்களும் செல்லும். சிலர்க்கு அதனினும் நெடுங்காலம் வேண்டும். நெடுநாள் உண்டார் எல்லார்க்கும் இத்துன்பம் நேர்வதில்லை; நேர்வார்க்கும் ஒரே அளவின் நேர்வதில்லை.

இவ்வுண்மையை உளங்கொண்டு முதல் வினாவை நோக்குவாம். மருந்தின்றி இருக்கவியலாதவன் அதற்கு அடிமையன்றோ, அடிமையாதல் குற்றமன்றோ எனின், அற்றன்று. அவா வேறு, சார்பு வேறு. அவாவாவது இன்பங் கருதி ஒன்றனை மேன்மேலும் நாடும் உள்ளத்தின் செயல். சார்பாவது ஒன்றனோடு நெடிது பழகிய உடம்பு அதற்கேற்பத் தன்னை அமைத்துக்கொண்ட நிலை. மருத்துவர் சொன்ன அளவைச் சிறிதும் கூட்டாது, இன்பம் யாதும் நாடாது, இரவுதோறும் ஒரு மாத்திரை உண்டு வந்தாரிடத்தும் இச்சார்பு உண்டாகின்றது. இதனைத் தெளிவிக்கும் சான்று ஒன்று உண்டு. கருவுற்ற காலத்து இம்மருந்தை நெடிது உண்ட தாய்மார் ஈன்ற மகவுகளுட் சில, பிறந்தபின் நடுங்குதலும், ஓயாது அழுதலும், பாலுண்ணாமையும் உடையவாதலை மருத்துவர் கண்டிருக்கின்றனர். அன்று பிறந்த குழவிக்கு அவா ஏது? அதன் துன்பத்திற்கு யார் அதனை இகழ்வர்? குழவியினிடத்துக் குற்றமாகாத அவ்வுடல்நிலை, வளர்ந்தாரிடத்து மட்டும் குற்றமாதல் யாங்ஙனம்?

இம்மருந்தையே களிப்பின்பொருட்டு அளவிறந்து உண்பாரும் உளரன்றோ எனின், உளர். அவரிடத்து அவாவும் சார்பும் ஒருங்கே உள. அவர்க்கு வேண்டுவது அவாவை நீக்கும் வழியுமாம். ஆயினும், அவரிடத்தும் உடம்பின் சார்பு சார்பேயாதலின், அதனை விடுக்கும் முறையில் அவர்க்குக் கடுமை செய்யலாகாது.

சித்தாந்த நூல்கள் உயிரைச் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது என்னும். யாதொரு சார்புமின்றித் தனித்து நிற்றல் உயிர்க்கு இயல்பன்று. உடம்பையும் கருவிகளையும் சார்ந்தே அஃது அறிகின்றது. இக்கொள்கையுடையார், ஒருவன் ஒன்றனைச் சார்ந்தான் என்ற அளவானே அவனை இழித்துரைத்தல் பொருந்தாது. நம்முட் சார்பிலார் யார்?

இனி இரண்டாம் வினா. 'மாத்திரை என் அச்சத்தை மறைத்திருந்தது. அது நீங்கியவுடன் என் உண்மையியல்பு வெளிப்பட்டது. யான் இத்துணை நடுங்கும் பேதையே போலும்' என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணமே அவர் துன்பத்துட் பெரும்பகுதி. படிகத்தின் அருகே செம்மலர் இருப்பின் படிகம் சிவந்து தோன்றும். அச்செம்மை படிகத்தின் நிறமாகாது. கருவிகள் கலங்கியவிடத்து உயிர் அக்கலக்கத்தையே தன் இயல்பாகக் கொள்கின்றது. நரம்பின் கொந்தளிப்பைத் 'தான்' எனக் கொள்ளும் மயக்கம் அது.

தொல்காப்பியர் கூறிய நிலைக்களன் ஈண்டு நமக்குப் பயன்படும். இயல்பான அச்சத்தில் பொருள் முன்னும் அச்சம் பின்னுமாக வரும். புலியைக் கண்டபின் நடுங்குகின்றோம். மருந்து விடுங்கால் எழும் அச்சத்திலோ நடுக்கம் முன்னதாக, அதற்குரிய பொருளை மனம் பின்னர்த் தேடுகின்றது. தேடுமிடத்து ஏதேனும் ஒன்று அகப்படும்: 'என் தொழில் அழியும்', 'என் மனையாள் என்னை வெறுக்கின்றாள்', 'எனக்குக் கொடுநோய் பற்றியது' என்றிவ்வாறாம். நேற்று இல்லாத இக்காரணங்கள் இன்று உண்டாயினவல்ல; நடுக்கம் தனக்குத் தகுந்த பெயரைத் தேடி எடுத்துக்கொண்டது. இதனை அறிந்தார், அச்சம் எழுந்தபோது அதனொடு வாதிடுதலையும், அது சொல்லுங் காரணத்தை ஆராய்தலையும் விட்டு, 'இது நரம்பின் நிகழ்ச்சி. வந்தவாறே செல்லும்' என்று நோக்கியிருத்தல் கூடும். அந்நோக்கம் அச்சத்தைப் போக்காது. ஆயின் அச்சத்தின் பொய்ச்சான்றை ஏற்காதிருக்கச் செய்யும். அந்நாளில் வாழ்க்கை பற்றிய பெருமுடிபு யாதும் செய்யாதிருத்தல் நன்று. தொழிலை விடுதலும், உறவை முறித்தலும் பின்னர் ஆகுக.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். எழுந்த துன்பமெல்லாம் மருந்தை விட்டதனால் வந்ததே எனத் தாமே துணிதலும் தவறு. பழைய நோய் மீளுதலும், வேறு நோய் புதிதாகத் தோன்றுதலும் கூடும். அதனைப் பிரித்தறிதல் மருத்துவர் தொழில். வாழ்வை முடித்துக்கொள்ளலாம் என்னும் எண்ணம் எழுமாயின், அதனையும் இக்கொந்தளிப்பின் ஒரு கூறாகக் கருதித் தனித்திருந்து பொறுத்தல் ஆகாது. அந்நொடியே அருகிருப்பார்க்கும் மருத்துவர்க்கும் கூறுதல் வேண்டும். கூறுதல் இழிவன்று.

மூன்றாம் வினாவே பலரை இடர்ப்படுத்தியது. நியூயார்க்கு நகரில் தொலைக்காட்சி ஆவணப்படங்கள் இயற்றிப் புகழ்பெற்றிருந்த பார்பரா கார்டன் என்னும் அம்மையார், வேலியத்தைப் பல்லாண்டு உண்டு வந்தவர். அதனை விடக் கருதியபோது, முழுதும் ஒருங்கே நிறுத்துக என்று மருத்துவர் சொல்ல, அவ்வாறே நிறுத்தினார். அதன்பின் அவருற்ற திகிலும், வீட்டைவிட்டு வெளிவர இயலாமையும், மனநோய் மருத்துவமனையிற் கழித்த திங்களும் 1979-ல் அவர் வெளியிட்ட நூலிற் காணப்படும். அம்மையார்க்குத் துணிவு குறைந்திருந்தது என்று யார் சொல்லவல்லார்? துணிவு மிக்கிருந்தமையாலன்றோ ஒரே நாளில் நிறுத்தினார்! குறைந்தது துணிவன்று, முறை.

அம்முறையை வகுத்தோருள் தலைசிறந்தவர் ஹெதர் ஆஷ்டன் என்னும் மருத்துவப் பேராசிரியை. 1929-ல் நம் நாட்டு டேராடூனிற் பிறந்து, இங்கிலாந்தில் நியூகாசில் நகரிற் பணிபுரிந்தவர், 2019-ல் மறைந்தார். 1982 முதல் 1994 வரை இம்மருந்துகளை விட விரும்பினார்க்கென்றே ஒரு மருத்துவப் பிரிவை அவர் நடத்தினார். நோயாளர் சொல்லியவற்றை மெய்யெனக் கொண்டு செவிசாய்த்தமையே அவர் கற்ற கல்வியின் வாயிலாயிற்று. அவர் கண்ட நெறியின் சாரம் மூன்று. விரைவில் உடலைவிட்டு நீங்கும் மருந்தை உண்பார், மெல்ல நீங்குவதாகிய டயசிபாமுக்குப் படிப்படியாக மாறுதல் ஒன்று. அதனைச் சிறிது சிறிதாகக் குறைத்தல் மற்றொன்று. குறைக்கும் விரைவை நோயாளரே தம் நிலைக்கேற்ப வரையறுத்தல் பிறிதொன்று. அவர் ஒப்பளவின்படி, அரை மில்லிகிராம் அல்பிரசோலாம் 10 மில்லிகிராம் டயசிபாமுக்கு நிகராம். மாத்திரையின் சிறுமை கண்டு அதன் வலிமையை அளத்தல் கூடாதென்பது இதனால் விளங்கும்.

2025-ல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பல கூடி வெளியிட்ட நெறிமுறையும் இதனோடு ஒத்துச் செல்கின்றது. தொடக்கத்தில், இரண்டு முதல் நான்கு வாரத்திற்கு ஒருமுறை, உண்ணும் அளவில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைக்கலாம் என்றும், இரண்டு வாரத்தில் நூற்றுக்கு 25 பங்கிற்கு மேற்படலாகாது என்றும் அது கூறும். நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் உண்பார் ஒருவர் 1 மில்லிகிராம் குறைப்பின் அது நூற்றுக்கு 5 பங்கு. 5 மில்லிகிராமுக்கு வந்தபின் அதே 1 மில்லிகிராம் நூற்றுக்கு 20 பங்காகிவிடும். ஆதலின் இறுதிப் படிகளில் குறைப்பு இன்னும் சிறிதாதல் வேண்டும். இவையெல்லாம் மருத்துவர் மேற்பார்வையிற் செய்யத்தக்கன. தாமே செய்துகொள்ளத் தக்கனவல்ல. திடீர் நிறுத்தம் வலிப்பையும் சிலபோது இறப்பையும் விளைக்குமென்பதை எவரும் மறத்தல் ஆகாது.

அற்றேல், பட்டினத்தடிகள் போல்வார் பெருஞ்செல்வத்தை ஒரு பொழுதில் துறந்தனரே, சிறிது சிறிதாக விடுதல் துறவாமோ என்று வினவுவார் உளராயின், அவர்க்குக் கூறுவது இது. அப்பெரியோர் விட்டது உள்ளம் பற்றியிருந்த பொருளை. உள்ளம் பற்றியதை உள்ளத்தின் உறுதி ஒருங்கே விடும். ஈண்டு மருந்தைப் பற்றியிருப்பது உள்ளமன்று, நரம்பு. நரம்பு நம் உறுதிமொழியைக் கேளாது. நனைந்த கயிற்றின் முடிச்சை வலிந்து இழுப்பின் அஃது இறுகும். இழையிழையாகத் தளர்த்தின் அவிழும். எனவே, ஈண்டு விடுதலாவது அறுத்தலன்று, தளர்த்தல். துணிவு வேண்டாமோ எனின், வேண்டும். ஒரு நாளிற் பொங்கியெழும் துணிவன்று அது. வாரந்தோறும் குறித்த அளவைக் குறித்தவாறு கொண்டு, நூறு இரவு உறக்கம் குறைந்தும் வழியினின்று பிறழாத துணிவு. பிறர் கண்ணுக்கு அது துணிவாகத் தோன்றாது. ஆயினும் முன்னதினும் அரிது.

இவ்வழிச் செல்வார்க்கு அன்றாட ஒழுக்கம் சிலவும் உரியன. குறைத்த நாளையும் அளவையும் ஏட்டிற் குறித்துவைத்தல் நன்று, என்னை? துன்ப நாளில் முன்னேறிய வழி நினைவிற்கு வாராது. ஒரு படியில் துன்பம் மிகின், அப்படியிலேயே சிலவாரம் நிற்றல் தோல்வியன்று. மது இம்மருந்து தாக்கும் இடத்தையே தாக்குவதாதலின் அதனை அறவே விலக்குதல் வேண்டும். காப்பியும் தேநீரும் அளவாதல் வேண்டும். உறங்கச் செல்லும் பொழுதும் எழும் பொழுதும் மாறாதிருத்தல், இயன்ற அளவு நடத்தல், மூச்சை மெல்ல விடுதல் என்பன நோயை நீக்காவேனும் நாளைக் கடத்தத் துணைசெய்யும். நலிவு அலையலையாய் வரும். இடையிடையே தெளிந்த பொழுதுகளும் வரும். தெளிந்த பொழுது ஒருமுறை வந்ததாயின், அது மீண்டும் வருமென்பதற்கு அதுவே சான்றாம்.

திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து துணைசெய்வானையும் ஒருவனாக எண்ணினார். இந்நோயில் அந்நான்காமவர் கடமை பெரிது. புண்ணோ காய்ச்சலோ புறத்தே தோன்றாமையின், 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்' என்று சொல்லிவிடுதல் எளிது. திடப்படுத்தற்குரிய கருவியே கலங்கியிருப்பானிடம் அவ்வுரை கொடுமையாம். அதற்கு மாறாக, 'நீ சொல்வதை நம்புகின்றேன், இது மருந்தினால் வந்தது, நாளும் குறையும், யான் உடனிருக்கின்றேன்' என்பது போதும். மருத்துவரும், நெடுநாள் தாமே தந்த மருந்தை ஒரு நாளில் மறுத்தல் முறையன்று. ஆராய்ந்து பார்த்தவிடத்து, அம்மருந்தைத் தொடர்ந்து உண்ணுதலே ஒருவர்க்குத் தக்கதென மருத்துவர் துணியின், அவரும் பிறரினுந் தாழ்ந்தவராகார்.

ஆகவே, மேற்கூறிய மூன்று வினாவுக்கும் விடை இதுவாம். மருந்தின் சார்பு உடம்பின் நிலை, உயிரின் குற்றமன்று. அதனை விடுங்கால் எழும் அச்சம் ஒருவனைப் பற்றி யாதும் மெய்யுரைப்பதன்று. மெல்ல விடுதல் கோழைமையன்று. அதுவே அவ்விடத்துக்கு உரிய அறம். இரவின் நடுவே விழித்து, காரணமறியாது நடுங்கியிருக்கும் ஒருவர் இச்சிறு கட்டுரையைக் காண நேரின், அவர்க்கு யாம் சொல்லுவது ஒன்றுண்டு. நும் அறையில் விலங்கும் இல்லை, கள்வரும் இல்லை. நும் நரம்பு காற்று ஓய்ந்தபின் நிமிரக் கற்கின்றது. விடியுமளவும் பொறுத்திருமின், விடிந்தபின் நும் மருத்துவரைக் கண்டு, அடுத்த படியை அவரோடு எண்ணித் துணிமின்.